முதலெழுத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்

 

சென்ற வாரம் ஒரு நாள் மஃரிப் தொழுதுவிட்டு வந்து அமர்ந்திருந்தேன். பத்தாம் தரத்தில் படிக்கும் என் மகள் தகவல் தொழினுட்பப் பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பணிசெயல் முறைமைகள் பற்றிய பாடம். அதிலே ஒரு கருப்புத் திரையைக் காட்டி, “வாப்பா, இதுல படமும் இல்ல, மவுஸும் இல்ல. இத வெச்சி ஆக்கள் எப்பிடி வேல செஞ்ச?” என்று கேட்டாள்.

“அதுதான் டொஸ். நான் முதன்முதலில் கை வைத்த கணனி அதுதான்” என்றேன். அவள் நம்பவில்லை. மௌலவிமார் கிதாபைத் தவிர வேறொன்றையும் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளின் எண்ணம்! அன்றிரவு அவளுக்கு டொஸ்ஸைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கப் போய், கடைசியில் நான்தான் ஒரு பாடம் படித்துக்கொண்டேன். அதை உங்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பெயர் சொல்லிக் கேட்கும் கடை

இன்று நம் கையிலிருக்கும் தொலைபேசியில் எல்லாம் படங்களாக இருக்கின்றன. விரும்பியதை விரலால் தொடுகிறோம், அது திறக்கிறது. டொஸ் அப்படியல்ல. கணனியை இயக்கினால் கருப்புத் திரையின் மூலையில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்து வரும். அதையடுத்து ஒரு சாய்கோடும் அம்பு முனை போன்ற ஓர் அடையாளமும் தோன்றும். பக்கத்தில் சிறு கோடொன்று கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான். அது ஒன்றும் சொல்லாது, ஒன்றும் காட்டாது. நீங்கள் கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்கும் வரை காத்துக்கொண்டே இருக்கும்.

சகோதரிகளே, இன்றைய சுப்பர் மார்க்கட்டையும் அந்தக் காலத்துச் சில்லறைக் கடையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சுப்பர் மார்க்கட்டில் பெயர் தெரியாவிட்டாலும் கண்ணால் கண்டதை எடுத்துக் கூடையில் போடலாம். சில்லறைக் கடையில் மேசைக்கு அப்பால் முதலாளி நிற்பார். இன்ன சாமான், இவ்வளவு என்று நாம்தான் வாயால் கேட்க வேண்டும். டொஸ் அந்தக் கடையைப் போன்றது. ‘டிர்’ என்று அடித்தால் உள்ளே இருப்பவற்றின் பட்டியலைத் தரும். ‘கொப்பி’ என்றால் பிரதி எடுக்கும். ‘ரென்’ என்றால் பெயரை மாற்றும். ‘டெல்’ என்றால் அழிக்கும். ஒரு கோப்புக்கு எட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைக்க முடியாது. அதன் பின் ஒரு புள்ளியும் மூன்று எழுத்தும் வரலாம்.

அமெரிக்காவில் சியாட்டில் கம்பியூட்டர் புரொடக்ட்ஸ் என்ற சிறிய நிறுவனத்தில் டிம் பெட்டர்சன் என்பவர் 1980இல் எழுதிய முறைமை அது. மைக்ரோசொப்ட் நிறுவனம் அதை விலைக்கு வாங்கித் திருத்தி, 1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். கணனிக்குக் கொடுத்தது. விண்டோஸ் பரவும் வரை உலகின் பல அலுவலகங்களில் இந்தக் கருப்புத் திரைதான் இருந்தது. இன்றும் அது முற்றாக மறைந்துவிடவில்லை. 1994இல் ஆரம்பிக்கப்பட்ட ‘ஃப்ரீ டொஸ்’ என்ற இலவச முறைமை உண்டு. மைக்ரோசொப்ட் நிறுவனமே டொஸ்ஸின் 4ஆம் பதிப்பின் மூல எழுத்தை 2024இல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டுவிட்டது.

அந்தக் கணனிக்கு நம் மனம் விளங்காது. ஓர் எழுத்துப் பிழைத்தால், ‘கட்டளை பிழை, அல்லது அப்படியொரு கோப்பு இல்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரே வரியில் முடித்துவிடும். ‘இதைத்தான் சொல்ல வந்தீர்களா?’ என்று கேட்கும் இரக்கம் அதற்கு இல்லை. குர்ஆன் மத்ரஸாவில் சிறு பிள்ளைகளுக்கு நாம் மக்ரஜ் சொல்லிக் கொடுப்பதில்லையா? நாவின் அடியிலிருந்து வரவேண்டிய காஃபை இடம் மாற்றி உச்சரித்தால் ‘இதயம்’ என்ற சொல் ‘நாய்’ என்றாகிவிடும். டொஸ்ஸிலும் எழுத்துக்கு அப்படியொரு கனம் உண்டு.

பித்ரா பட்டியல்

இனி நடந்த கதைக்கு வருகிறேன். 1998 ஜனவரி, நோன்பு மாதம். அரபுக் கல்லூரி விடுமுறையில் நான் ஊருக்கு வந்திருந்தேன். கொழும்பில் வியாபாரம் செய்த ஊரவர் ஒருவர், தன் கடையில் பாவித்துக் கழித்த கணனியொன்றைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்திருந்தார். அதில் டொஸ்ஸின் 6.22ஆம் பதிப்பு இருந்தது. பித்ரா அரிசி பெறத் தகுதியான வீடுகளின் பட்டியலை அதில் ஏற்றும் பொறுப்பைக் கதீப் ஹஸ்ரத் எனக்குத் தந்தார்கள்.

தமிழ் எழுத்து அந்தக் கணனியில் இருக்கவில்லை. ஆங்கில எழுத்தில் அடித்தேன். வீதிக்கு ஒரு கோப்பாகப் பதினொரு வீதிகளுக்குப் பதினொரு கோப்புகள். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் விதவை, எந்த வீட்டில் எத்தீம் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தன. வீட்டாரின் மானத்தைக் காப்பதற்காக ஹஸ்ரத் இரவில் தனியாகப் போய் விசாரித்து, துண்டுக் கடதாசிகளில் எழுதி வந்த விபரங்கள் அவை. அடித்து முடிந்ததும் அந்தத் துண்டுகளையும் எரித்துவிட்டார்கள், பிறர் கையில் அகப்படக் கூடாது என்பதற்காக.

பிறை இருபதைத் தாண்டிய ஒரு நாள், முந்திய வருடத்துப் பழைய கோப்புகளை அழித்துவிடலாம் என்று நினைத்தேன். அவை வேறோர் அறையில், அதாவது வேறொரு ‘டிரக்டரி’யில் இருந்தன. முதலில் அந்த அறைக்குள் போகும் கட்டளையை அடித்தேன். அவசரத்தில் ஓர் எழுத்துப் பிழைத்துவிட்டது. ‘அப்படியோர் அறை இல்லை’ என்று திரை சொன்னது. நான் அதைப் பார்க்கவில்லை. உள்ளே போய்விட்டதாக நினைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையை அடித்தேன்: டெல், ஓர் இடைவெளி, நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம்.

கணனி ஒரு தரம் கேட்டது: ‘எல்லாக் கோப்புகளும் அழிக்கப்படும். நிச்சயம்தானா?’ ஆம் என்பதற்கு ஓர் எழுத்து, இல்லை என்பதற்கு ஓர் எழுத்து. என் விரல் பழக்கத்தில் ஆம் என்று அழுத்திவிட்டது. சத்தமில்லை, புகையில்லை. அந்தச் சிறு கோடு மீண்டும் கண் சிமிட்டியது. ‘டிர்’ என்று அடித்துப் பார்த்தபோதுதான், நான் நின்றது இந்த வருட அறையில் என்பது விளங்கியது. பதினொரு வீதிகளும் போய்விட்டன.

சகோதரிகளே, நான் எங்கே நிற்கிறேன் என்பது அந்தத் திரையிலேயே எழுதியிருந்தது. நான் பார்க்கவில்லை என்பதுதான் விடயம்.

எனக்கு உடம்பு வியர்த்துவிட்டது. ஹஸ்ரத்திடம் சொல்லப் பயம். ஞாபகத்திலிருப்பதைக் கொண்டு மறுபடியும் அடித்து வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஷைத்தான் யோசனை சொன்னான். அசரிலிருந்து மஃரிப் வரை உட்கார்ந்து நினைவுக்கு வந்த பெயர்களையெல்லாம் அடித்துப் பதிந்து வைத்தேன். பாதிக்கு மேல் ஞாபகம் வரவில்லை. தராவீஹுக்குப் பிறகு, ஊரில் கணனி வகுப்பு நடத்திய ஒரு நானாவிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “அழிஞ்சதுக்குப் பொறகு அதுல ஏதும் எழுதினீங்களா?” என்பதுதான்.

அழிந்தது எது?

அவர் விளக்கிய விபரம் இதுதான். டொஸ்ஸில் ஒரு கோப்பை அழிக்கும்போது உள்ளே இருக்கும் எழுத்துகள் உடனே துடைக்கப்படுவதில்லை. கோப்பின் பெயரில் முதலெழுத்தை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் அடையாளத்தை வைக்கிறது. அது இருந்த இடம் இனி வெற்றிடம் என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. அவ்வளவுதான். உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரை கிடக்கும். எழுதப்பட்டுவிட்டால் பழையது போய்விடும்.

1991இல் வந்த 5ஆம் பதிப்பு முதல், அழித்ததை மீட்பதற்கென்றே டொஸ்ஸில் ‘அன்டிலீட்’ என்றொரு கட்டளை இருந்தது. நானா வந்து அதை அடித்தார். திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு பெயரிலும் முதலெழுத்து இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி! மீட்கவா என்று கேட்டது. ஆம் என்றதும், முதலெழுத்தைத் தாருங்கள் என்றது. மற்ற எழுத்துகளெல்லாம் அதனிடமே இருந்தன. முதலெழுத்தை மட்டும் அது தானாக யூகிக்கவில்லை. நாம்தான் கொடுக்க வேண்டியிருந்தது. சரியான எழுத்து மறந்துபோனாலும் பாதகமில்லை. ஏதோ ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும், பெயரைப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றார் நானா.

ஒன்பது வீதிகள் முழுமையாகத் திரும்பி வந்தன. இரண்டு வரவில்லை. அவை கிடந்த இடத்தின்மேல்தான் நான் அசரிலிருந்து மஃரிப் வரை எழுதியிருந்தேன். அழித்ததால் போனதல்ல அது. மறைப்பதற்காக எழுதியதால் போனது.

மறுநாள் ஸுபஹுக்குப் பின் ஹஸ்ரத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் ஏசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: “அழிஞ்ச உடனே என்னிடம் வராமல், மேலே ஏன் எழுதினீர்?” பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவும் மறு இரவும் அவர்களோடு அந்த இரண்டு வீதிகளிலும் கதவு கதவாக ஏறி இறங்கினேன். ஏற்கனவே ஒரு தடவை தன் வறுமையைச் சொல்லியிருந்த ஒரு விதவைத் தாய், மறுபடியும் அதைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

மகள் கேட்ட கேள்வி

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மகள் சற்று நேரம் யோசித்துவிட்டு, “அப்ப வாப்பா, மாமியோட நீங்க பேசாம இருக்கிறதும் இப்பிடித்தானே?” என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எழுதுபவனை விட்டுவிட்டு வாசிப்பவருக்கு மட்டும் உபதேசம் செய்வது அழகல்ல. எங்கள் உம்மா மௌத்தான பிறகு, அவர்களுடைய தையல் மெஷினைப் பற்றி எனக்கும் என் ராத்தாவுக்கும் பேச்சு வந்தது. உம்மாவைக் கடைசிவரை பார்த்த தங்கைக்கே அது போகட்டும் என்றார் ராத்தா. அது சொத்து, எல்லாரும் மனம் பொருந்தாமல் அப்படிக் கொடுக்க முடியாது என்றேன் நான். அதோடு நின்றிருக்கலாம். “மார்க்கம் தெரியாமல் பேச வேண்டாம்” என்றும் சொல்லிவிட்டேன். எனக்கு முதன்முதலில் அலிஃப் என்று எழுதிக் காட்டியவர் அந்த ராத்தாதான். நான் ஓதப் போவதற்காகத் தன் காப்பை அடகு வைத்தவரும் அவர்தான். நான் சொன்ன சட்டம் சரி. சொன்ன விதம் பிழை. அதன்பின் பதினொரு மாதங்களாக எங்களுக்குள் பேச்சில்லை.

அந்தப் பதினொரு மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. மனைவியிடம் சொன்னேன், தம்பியிடம் சொன்னேன், மச்சானிடம் சொன்னேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் என் பக்கம் இன்னும் கொஞ்சம் நியாயமானது. ராத்தாவின் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்ந்தது. அழிந்த இடத்தின்மேல் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறேன்!

உங்கள் வீடுகளையும் சற்று நினைத்துப் பாருங்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும், நாத்தனாருக்கும் மதினிக்கும், கூடப் பிறந்தவர்களுக்கும் இடையில் ஒரு வார்த்தை வந்துவிட்டால் முதலில் காணாமற் போவது எது? பெயர்தான். நேற்றுவரை ‘ராத்தா’வாகவும் ‘மச்சி’யாகவும் இருந்தவர் இன்று ‘அந்த வீட்டுக்காரி’ ஆகிவிடுகிறார். ஆனால் இருபது வருடத்து அன்பு ஒரு வார்த்தையில் அழிந்துவிடுவதில்லை. பிள்ளைப் பேற்றுக்கு வந்து நின்றதும், காய்ச்சலுக்குக் கஞ்சி காய்ச்சித் தந்ததும் உள்ளே அப்படியே கிடக்கின்றன. முதலெழுத்து மட்டும்தான் போயிருக்கிறது. பிறகு நாம்தான் மேலே எழுதுகிறோம். பக்கத்து வீட்டில் சொல்கிறோம். வட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போடுகிறோம். பிள்ளைகளின் காதில் போடுகிறோம். அப்படி எழுதி எழுதித்தான் உறவு மீட்க முடியாமல் போகிறது.

ஆகவே சகோதரிகளே, மூன்று விடயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கட்டளையிட முன்னர் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். வந்த செய்தி உண்மைதானா, சொன்னவர் யார், கோபம் உண்மையில் யார்மீது என்பதைப் பாருங்கள். செய்தியைத் தீர விசாரித்துக்கொள்ளும்படி ஸூரத்துல் ஹுஜுராத்தில் நமக்கு ஏவப்பட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். கணனியாவது ஒரு தரம் ‘நிச்சயம்தானா?’ என்று கேட்டது. நம் நாவு அதைக்கூடக் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வார்த்தை தப்பிப்போய்விட்டால் அதன்மேல் எழுதாதீர்கள். வாயை மூடிக்கொள்ளுங்கள். யாரிடமும் நியாயம் பேசப் போகாதீர்கள். கமராவின் மெமரி கார்ட்டில் கைதவறிப் படங்கள் அழிந்தாலும் இதே விதிதான். புதுப் படம் எடுக்காமல் கார்ட்டைக் கழற்றி, தெரிந்த ஒருவரிடம் கொடுத்தால் மீட்க வாய்ப்புண்டு.

மூன்றாவது, முதலெழுத்தை நீங்கள் கொடுங்கள். அந்த முதலெழுத்து ஸலாம். ஒரு முஸ்லிம் தன் சகோதரரோடு மூன்று நாட்களுக்கு மேல் பேசாமல் ஒதுங்கியிருப்பது ஆகாது என்பதையும், அப்படி இருக்கும் இருவரில் ஸலாத்தைக் கொண்டு முந்துகிறவரே சிறந்தவர் என்பதையும் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். யார் சரி, யார் பிழை என்ற கணக்கு முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பொருத்தமான வார்த்தை கிடைக்கும் வரையும் காத்திருக்க வேண்டாம். ஏதோ ஒரு வார்த்தை போதும். பிறகு திருத்திக்கொள்ளலாம்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது மனஸ்தாபத்துக்குச் சொல்லும் மருந்து. அடியும் உதையும் அநியாயமும் நடக்கும் வீட்டில் இருக்கும் சகோதரி இதை வாசித்துவிட்டு, ‘நான்தான் மறுபடியும் போய்ப் பணிய வேண்டும் போலும்’ என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே பொறுப்பானவர்களிடம் சொல்வதும், பாதுகாப்பையும் சட்டத்தின் உதவியையும் தேடுவதும் உங்கள் உரிமை. அதை மறைத்து வைப்பதுதான் கேடு.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு ராத்தாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். என்ன பேசுவதென்று ஒன்றும் ஆயத்தப்படுத்தவில்லை. “அஸ்ஸலாமு அலைக்கும், ராத்தா” என்றேன். மறுபுறம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மெதுவாகப் பதில் ஸலாம் வந்தது. “நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. “மகள்ட சோதின எப்ப?” என்று கேட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு குடும்பத்தோடு போய் வந்தோம்.

எல்லாம் மீண்டுவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. மற்றவர்களிடம் நான் சொன்னவை ராத்தாவின் காதுக்கும் போயிருந்தன என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அந்த இரண்டு வீதிகளுக்கும் நான் இன்னும் நடந்துதான் போக வேண்டும். ஆனாலும் மற்ற ஒன்பதும் அல்லாஹ்வின் அருளால் அப்படியே இருந்தன. திரும்பும்போது என் மகளின் கையில் ஒரு தொதல் பார்சலைக் கொடுத்தார், எனக்குப் பிடிக்கும் என்று சொல்லி.

இந்த இதழை மூடி வைக்கும்போது உங்களுக்கும் ஒருவருடைய பெயர் ஞாபகத்துக்கு வரலாம். தொலைபேசி பக்கத்தில்தான் இருக்கும். முதலெழுத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளைப் பேணுவானாக. பிரிந்த உள்ளங்களை ஒன்று சேர்ப்பானாக. ஸலாத்தில் முந்திக்கொள்ளும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.